ஓடு பிரித்த நாளில் கூட நின்றவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் பழைய கட்டடத்துக்கு மழைக்கு முன்பே ஓடு மாற்றி, சுவர் பூசி முடித்துவிட்டோம். பணம் தந்தவர்களின் பட்டியல் பள்ளி வாசலில் ஒட்டியிருக்கிறது. இந்த மடல் அதில் வராதவர்களுக்கு.

முதலில் கொத்தனார் அண்ணாச்சிக்கு. நாங்கள் சிமெண்ட் மூட்டைகளை இறக்கியபோது அவர்தான் தடுத்தார். முன்பு எப்போதோ சிமெண்ட் பூசியிருந்த மேற்குச் சுவரைத் தட்டிக் காட்டினார். பொத்தென்று சத்தம் வந்தது, கூடவே ஒரு செதிலும் விழுந்தது. சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டால் மூடினால் ஈரம் உள்ளேயே நின்று உப்பு பூக்கும் என்றார். சரி என்று மூட்டைகளைத் திருப்பி அனுப்பினோம். சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுக் காரை கூட்டினார். எறும்புதான் கொஞ்சம் தொல்லை.

அப்புறம் ஓடு இறக்கிய தம்பிகளுக்கு. “அண்ணே, அடியில ஏதோ இங்கிலீஷ்ல இருக்கு” என்று கூப்பிட்ட தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. அது பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ மிஷனின் முத்திரை. அந்த மிஷன் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. முதல் உலகப் போரை ஒட்டி அது கைமாறி, பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்திடம் போனது. எங்கள் கூரையில் தெற்குச் சரிவு முழுக்கப் பாசல் மிஷன், வடக்கே காமன்வெல்த். ஆக, இரண்டு தடவையாக வேய்ந்திருக்க வேண்டும். பழைய ஓட்டை விலைக்கு வாங்கிப் போட்டிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது என்றார் தமிழாசிரியர். அவருக்கும் நன்றி, கொஞ்சம் கோபத்தோடு.

உள்சுவரில் பழைய வெள்ளையைச் சுரண்டியபோது காவி எழுத்து தெரிந்தது: ‘பெஞ்சு 4, கடிகாரம் 1, வாளி 2’. காமராஜர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின் காலத்து எழுத்து அது என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா சொன்னார். அந்த மாநாட்டில் ஊரார் பள்ளிக்குக் கொடுத்த சாமான்களாம். அவர் அப்போது இரண்டாம் வகுப்பு. வாளியில் ஒன்று அந்த வருஷமே கிணற்றில் விழுந்துவிட்டதாம். யார் போட்டது என்பதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

அந்த இடத்தில் வெள்ளை அடிக்காமல் விட்டிருக்கிறோம். வந்து பாருங்கள்.

அன்புடன்,
பழைய மாணவர்கள் சார்பில் ஒருவன்