எலிக்கா, மனிதருக்கா? முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரத்தத்தில் இருந்து எடுத்த செல்களை வைத்தே புற்றுநோய்க் கட்டியின் ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் சோதனைகள் நடந்தது எலிகளில் என்பது கடைசிப் பத்தியில் அரை வரியாகப் போய்விட்டது. நான் சேலம் ஐந்து ரோடு பக்கம் மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். கட்டுரையைப் போனில் படம் எடுத்து வந்து, "அண்ணா, இந்த ஊசி வந்துருச்சா? எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்கள்.

புது ரத்தக்குழாய் இல்லாமல் கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்று அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-லேயே சொன்னார். அந்தக் குழாய் வளர்ச்சியை மறிக்கும் பெவாசிசுமாப் ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2004-ல். இடையில் 33 வருஷம்! வந்த பிறகும் பெரும்பாலும் கீமோவோடு சேர்த்துத்தான் போடுகிறார்கள். பிரஷர் ஏறும், ரத்தக்கசிவு வரலாம், ஆபரேஷன் புண் ஆறத் தாமதமாகும்.

நீங்கள் எழுதிய செல் வழி இன்னும் இளசு. குழாய்ச் சுவராக மாறக்கூடிய செல்கள் பெரியவர்களின் ரத்தத்திலும் சுற்றுகின்றன என்று அசஹாரா என்ற ஆய்வாளரின் குழுவினர் 1997-ல் எழுதினார்கள். கட்டி அவற்றைத் தன் பக்கம் இழுக்கும். அப்படியானால் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மரபணுவை அவற்றுக்குள் ஏற்றி அனுப்பலாமே என்பது கணக்கு. திருடன் கூப்பிட்ட கூட்டாளியே மப்டி போலீஸாக வருவது மாதிரி. எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை. ஆனால் அந்தச் செல்கள் உண்மையில் எவ்வளவு கட்டியின் குழாய்ச் சுவரில் போய் உட்காருகின்றன என்பதிலேயே ஆய்வாளர்களிடம் ஒத்த கருத்து இல்லை. சில எலிச் சோதனைகளில் நிறைய, சிலவற்றில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

புற்றுநோய் சிகிச்சைக்காக அடையாறுக்கும் வேலூருக்கும் பஸ் ஏறும் குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. பாதி கீமோவில் இருப்பவரிடம் யாராவது "செல் தெரபி" என்று சொல்லிக் காசு கறந்தால் என்ன செய்வது? எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற ஒருசிலவற்றைத் தவிர ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) சிகிச்சை எதுவும் வழக்கமான சிகிச்சை ஆகாது, பதிவு செய்த ஆய்வில்தான் கொடுக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறையே சொல்கிறது. அந்த ஆய்வுகளின் பட்டியல் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் இணையதளத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

இனி இப்படிச் செய்தி போடும்போது எலியா, மனிதரா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். சி.டி.ஆர்.ஐ.யில் தேடுவது எப்படி என்று ஒரு கட்டமும் போட்டால் அதை வெட்டிக் கடையில் ஒட்டிவிடுவேன்.

- ஒரு மருந்துக் கடைக்காரர், சேலம்