மின் ஒப்பந்ததாரர்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா வசூல், லைசென்ஸ் புதுப்பிக்க உதவுவது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. இந்த ஆண்டு சங்கத்தில் அதிகம் பேசப்பட்டது அரசு மருத்துவமனை, நீதிமன்றம், அலுவலக வளாகங்களின் மின் பராமரிப்பு டெண்டர்தான். வேலையை எடுத்த பிறகு கையைக் கடிக்கிறது என்கிறார்கள். பெரும்பாலும் விலை போடும்போதே அந்த நஷ்டம் உள்ளே உட்கார்ந்துவிடுகிறது.

முதலில் ஆள் கணக்கு. 24 மணி நேரமும் ஒரு எலக்ட்ரீஷியன் இருக்க வேண்டும் என்று டெண்டர் ஆவணத்தில் இருந்தால், மூன்று ஷிஃப்டுக்கு மூன்று பேர் என்று போட்டுவிடுகிறோம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் பார்க்கக்கூடியது 48. வகுத்தால் 3.5. விடுப்பும் பண்டிகை நாளும் சேர்ந்தால் நான்கு பேர் இல்லாமல் ஓடாது. சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதலாளி பங்காக பி.எஃப். 13 சதவீதம், ஈ.எஸ்.ஐ. 3.25, போனஸ் 8.33 சேர்த்து ஆளுக்கு மாதம் 18,687 ரூபாய். ஓர் ஆளை விட்டுவிட்டால் வருடத்துக்கு 2,24,244 ரூபாய் துண்டு விழும். அதைச் சரிக்கட்ட ஒரே வயர்மேனை இரண்டு ஷிஃப்ட் நிற்க வைப்பதைச் சங்கம் ஏற்காது. தூக்கக் கலக்கத்தில் பேனலில் கை வைப்பவருக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

அடுத்தது, இடத்தைப் பார்க்காமல் விலை போடுவது. பழைய கட்டடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்துவது என்று ஓர் ஐட்டம் வரும். பொருள் விலையும் மாட்டுக்கூலியும் போட்டு முடித்துவிடுகிறோம். மாட்டியதும் ட்ரிப் ஆகிறது. புதிதாக வேறொன்று மாற்றினாலும் ட்ரிப். இரண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரல் இழுத்திருப்பார்கள். ஃபேஸில் போன கரண்ட் அதே ஆர்.சி.சி.பி. வழியாகத் திரும்பாததால், அதைக் கசிவு என்றே அது எடுத்துக்கொள்கிறது. நியூட்ரலைப் பிரித்துப் புதுக் கம்பி இழுக்கும் செலவு ஆர்.சி.சி.பி. விலையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஆகவே டெண்டர் போடும் முன் பொறியாளரிடம் அனுமதி கேட்டு டி.பி.யை, அதாவது மின் விநியோகப் பெட்டியை, திறந்து பாருங்கள். லோடு ஓடும்போது ஒரு சர்க்யூட்டின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து லீக்கேஜ் கிளாம்ப் மீட்டருக்குள் விடுங்கள். சாதாரண கிளாம்ப்பில் மில்லி ஆம்பியர் தெரியாது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. சில மில்லி ஆம்பியர் காட்டினால் கசிவு. ஆம்பியர் கணக்கில் வந்தால் நியூட்ரல் கலந்திருக்கிறது. அப்படி எத்தனை சர்க்யூட் என்று எண்ணி, டெண்டருக்கு முந்தைய விளக்கக் கூட்டத்தில் அதைப் பற்றி எழுத்துமூலம் கேளுங்கள். எர்த் பிட்டுக்கு (எர்த் கம்பி இறங்கும் குழி) மழைக்காலத்தில் அளந்த ஓம் மதிப்பை நம்பி விலை போட வேண்டாம். வைகாசியில் மண் காய்ந்ததும் அது ஏறும்.

டெண்டர் இணையதளத்தில் பி.ஓ.க்யூ. (வேலை அளவு, விலைப் பட்டியல்) ஃபைலின் பெயரை மாற்றாமல் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ஃப்ரீஸ் (இறுதி செய்யும்) பட்டனை அழுத்தி ஒப்புகைச் சீட்டு வந்தால்தான் டெண்டர் சேர்ந்ததாகக் கணக்கு. டிஜிட்டல் கையொப்பத்தின் காலாவதி தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்துக்கு மேல் போனால் பில் தொகையிலிருந்து ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) 2 சதவீதம் பிடிப்பார்கள். ஜி.எஸ்.டி. போர்ட்டலில் அதை ஏற்றுக்கொண்டு தாக்கல் செய்தால்தான் நம் கேஷ் லெட்ஜருக்கு (வரி கட்ட உதவும் இருப்புக் கணக்கு) வரும். பலருடைய பணம் இப்படியே கிடக்கிறது.

ஷிஃப்ட் என்று மட்டும் குறிப்பிடாமல் ஆட்களின் எண்ணிக்கையையும், நியூட்ரல் பிரிக்கும் வேலைக்குத் தனி ஐட்டத்தையும் மதிப்பீட்டிலேயே சேர்க்கக் கோரிப் பொதுப்பணித்துறை மின் பிரிவுக்கு மனு தர, இப்பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்