முதுகு ஊசியின் கெட்ட பெயர்: மகப்பேறு மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் மகப்பேறு மருத்துவமனை நடத்தும் பெரியோர்களுக்கு, மயக்க மருத்துவர்களின் வணக்கம்.

“முதுகுல ஊசி வேண்டாமுங்க, முழுசா மயக்கிப்போடுங்க” என்று சிசேரியனுக்கு முன்னால் தியேட்டர் வாசலில் உறவினர்கள் கேட்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பயத்துக்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் பாதியை உங்கள் கொள்முதல் பட்டியலிலேயே தீர்த்துவிடலாம்.

முதலில் ஊசி. வெட்டு முனை ஊசி தண்டுவட உறையை அறுக்கிறது. அந்தத் துளையில் திரவம் கசிந்தால், உட்கார்ந்தால் பிளந்து படுத்தால் தணியும் தலைவலி வரும். 25 அல்லது 27 கேஜ் (ஊசியின் பருமன் அளவு) பென்சில் முனை ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போவதால் தலைவலி வெகுவாகக் குறைகிறது. விலை கூடுதல்தான், வழிகாட்டி ஊசியும் சேர்த்து வாங்க வேண்டும். ஆனால் தலைவலியோடு வீடு திரும்பும் ஒரு தாய் போதும், அந்த ஊரே அடுத்த பத்து வருசத்துக்கு முதுகு ஊசி வேண்டாம் என்னும். மாத்திரையில் அடங்காவிட்டால் அவருடைய ரத்தத்தையே 15 முதல் 20 மில்லி எடுத்து, தண்டுவட உறைக்கு வெளியே உள்ள எபிட்யூரல் இடத்தில் செலுத்தும் வழி இருக்கிறது. காபி குடிக்கச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்தது ரத்த அழுத்தம். மருந்து ஏறிய சில நிமிடங்களில் அழுத்தம் சரியும். குமட்டலே முதல் அறிகுறி. அழுத்தத்தை ஏற்றும் ஃபீனைல்எஃப்ரின் 10 மில்லிகிராம் ஆம்பியூல் ஒன்றை 100 மில்லி சலைனில் கலந்தால் மில்லிக்கு 100 மைக்ரோகிராம். ஒரு தடவைக்கு அரை முதல் ஒரு மில்லி போதும். கலக்காத ஆம்பியூல் தவறிப்போய் நேராக ஏறினால் உயிருக்கே ஆபத்து. கலந்த பாட்டிலில் லேபிள் கட்டாயம். வலது இடுப்புக்கடியில் திண்டு வைத்துக் கர்ப்பப்பையை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். குழந்தை வரும்வரை நிமிடத்துக்கொரு முறை அழுத்தம் பார்க்க வேண்டும்.

முதுகில் ஏற்றும் மரப்பு மருந்தான கனமான பூபிவக்கைன் 0.5 சதம் சுமார் 2 மில்லி, கூடவே வலி நீக்கியான ஃபென்டனில் 10 முதல் 15 மைக்ரோகிராம்: வழக்கமான அளவு இதுதான். மரப்பு மார்புக்காம்பு மட்டம்வரை ஏறியதா என்று குளிர் வைத்துப் பார்க்காமல் கத்தி வைக்க வேண்டாம். இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், வலி தெரியக் கூடாது. வலிக்கிறது என்று தாய் சொன்னால் நம்புங்கள். கையைப் பிடித்துச் சமாளிப்பது வைத்தியம் ஆகாது, தேவைப்பட்டால் முழு மயக்கத்துக்கு மாற வேண்டும்.

எங்களுக்குப் பெரும் கவலை, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் அமிலம். பூபிவக்கைன் போலவே தோன்றும் ஆம்பியூலில் வருவதால் தவறிப்போய் முதுகில் ஏறி, வலிப்பு கண்டு தாய்மார்கள் இறந்திருக்கிறார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. முதுகு ஊசித் தட்டின் பக்கமே அது இருக்கக் கூடாது. வேறு அலமாரியில் வையுங்கள்.

முழு மயக்கமும் சில நேரம் அவசியம்தான்: நிற்காத ரத்தப்போக்கு, பிளேட்லெட் 70,000க்குக் கீழ், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டுப் போதிய நேரம் ஆகாதது. மற்றபடி, தாளவாடியிலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும் தாயின் வயிறு காலியென்று நம்ப முடியாது. முழு மயக்கத்தில் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகலாம். வீங்கிய தொண்டையில் குழாய் இறங்காமலும் போகலாம்.

முதுகு ஊசியால் வரும் என்று பயப்படும் இடுப்பு வலியைப் பற்றியும் 8ஆம் மாதச் செக்கப்பிலேயே பேசிவிடுங்கள். முழு மயக்கத்தில் பிரசவித்தவர்களுக்கும் அது வருகிறது. மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில் கடைசியாகச் சாப்பிட்ட நேரம், பிளேட்லெட் அளவு, கடைசி ஹெப்பாரின் நேரம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.