மீதி பத்து எபிசோடுகள்: அண்ணிக்கு ஒரு கடிதம்

அண்ணி,

இன்று ஜூன் 27. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவீர்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அண்ணனும் படிப்பான், பெரியம்மா வீட்டிலும் படிப்பார்கள். சில விஷயங்களைப் பாதியில் விட்டிருக்கிறேன். உங்களுக்குப் புரியும்.

2020 ஜூன் 19, சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு தொடங்கிய அன்று ராத்திரி 'டார்க்' என்கிற, காலத்தில் முன்னும் பின்னும் போகிற ஜெர்மன் தொடரை உங்களுக்குப் போட்டுக் காட்டியது நான்தான். ஒரு அப்பாவின் சாவில்தான் அது தொடங்குகிறது என்று தெரிந்தேதான் போட்டேன். மன்னித்துவிடுங்கள். ஆனால் எனக்குத் தெரியாது அண்ணி. கல்யாணத்துக்கு முன்பே அம்மாவுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், சித்திக்குக்கூடத் தெரியும். சின்னப் பிள்ளை என்று எனக்கு மட்டும் வேறு ஒன்றைச் சொல்லிவைத்திருந்தீர்கள். அந்த அப்பாவின் மகன் யோனாஸ் சிகிச்சையில் இருந்த மாதங்களை, 'பிரான்ஸ் போயிருந்தான்' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருப்பார்களே, அந்த இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். ஏன் பார்த்தீர்கள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இரண்டு சீசனுக்கும் சேர்த்து 18 எபிசோடு, ராத்திரிக்கு இரண்டு, மூன்றாவது சீசன் வருகிற 27-ம் தேதிக்குச் சரியாக முடிந்துவிடும் என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டது நீங்கள். 26-ம் தேதியோடு நின்றுவிட்டது; மூன்றாவது சீசனின் எட்டையும் சேர்த்து மீதி பத்து.

அந்த ராத்திரியைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். இரண்டாவது சீசன், ஆறாவது எபிசோடு. மறுநாள் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள், மடியில் முறம். அம்மா எழுந்துவிடக் கூடாதென்று சத்தத்தைக் குறைத்திருந்தேன். ஜெர்மன் பேச்சு கேட்டும் கேட்காமலும் இருந்தது, கீழே ஓடும் ஆங்கில வரிகளைத்தான் படித்துக்கொண்டிருந்தோம். யோனாஸ் 2019 ஜூன் 20-க்குப் போகிறான். அவன் அப்பா இறப்பதற்கு முந்தைய நாள். எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்று அப்பாவின் எதிரே போய் நிற்கிறான். உங்கள் கை நின்றுவிட்டது. வெங்காயத் தோல் ஒன்று கட்டைவிரல் நகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பேசறதுக்கு இவ்வளவு நேரம் கிடைச்சிருக்கே இவனுக்கு" என்றீர்கள்.

திரும்பப் போடு என்றீர்கள். போட்டேன். இன்னொரு தடவை என்றீர்கள். அதுவும் போட்டேன். தடுக்கப் போன பிள்ளையாலேயே அது நடக்கப்போகிறது என்று தெரிகிற இடத்துக்கு நான்காவது தடவைதான் போய்ச் சேர்ந்தோம். அப்போதுதான் தண்ணீர் குடிக்க அண்ணன் எழுந்து வந்தான்.

அவன் கேட்டதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்ப் பேசினான், சரி. ஆனால் நீங்கள்? "நான்தான் திரும்பப் போடச் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முறத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டீர்கள். அடுத்தவர் துக்கத்தை வேடிக்கை பார்த்தவள் என்ற பேர் எனக்கு நின்றுவிட்டது. அது இன்னும் ஆறவில்லை அண்ணி.

நான் செய்தது தப்புத்தான் என்று அண்ணன் இன்றும் சொல்கிறான். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இருக்கிறது. பதினாறாம் நாள் முடிந்ததும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று உங்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்தத் தொடரோ ஒரு சாவைப் பற்றி ஏன், ஏன் என்று விடாமல் கேட்டுக்கொண்டே போகிறது. இருட்டும் மழையுமாக இருக்கிற அந்த விண்டன் ஊருக்குள், ஒரு வாரமாவது நீங்கள் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பக்கத்திலேயே இருந்தேன். அதை யார் இல்லை என்றாலும் நம்பமாட்டேன்.

அப்புறம் யோனாஸின் அப்பா விட்டுப்போன அந்தக் கடித உறை. நவம்பர் 4, இரவு 10:13-க்கு முன் திறக்கக் கூடாது என்று எழுதியிருக்குமே. முதல் எபிசோடு முழுக்க "எப்போ பிரிப்பாங்க, எப்போ பிரிப்பாங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். உங்களிடமும் அப்படி ஏதாவது இருந்ததா என்று நான் கேட்டதில்லை. இங்கேயும் கேட்கவில்லை.

ஒவ்வொரு ஜூனிலும் மீதியைப் பார்க்கலாம் என்று எடுப்பேன், நீங்கள் இல்லாமல் வேண்டாம் என்று வைத்துவிடுவேன். இனிமேலும் அப்படி வைக்க எனக்கு மனசில்லை. இன்று ராத்திரி பத்து மணிக்கு 17-வது எபிசோடைப் போடப்போகிறேன். நீங்கள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறீர்கள். பத்தரை வரைக்கும் வாசல் விளக்கை அணைக்கமாட்டேன்.