விமானத்தில் சைவச் சாப்பாடு: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களாக ஸ்ரீரங்கம், தில்லைநகர், உறையூர் வாட்ஸாப் குழுக்களில் நான்கு நிமிடக் குரல் பதிவு ஒன்று சுற்றிக்கொண்டிருப்பதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். நம் பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் டிக்கெட் எடுத்து மகனைப் பார்க்க அமெரிக்கா சென்ற 70 வயதுப் பெரியவர் ஒருவருக்கு, பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவருக்கு, விமானத்தில் கோழிக்கறி வைத்த தட்டு வந்தது என்பதும், அதற்கு நாம்தான் காரணம் என்பதும் அந்தப் பதிவின் சாரம். கேட்டவுடன் பதில் எழுதாமல் இருந்தது மழுப்புவதற்காக அல்ல. முதலில் அந்தக் குடும்பத்தாரிடம் பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன். பெரியவர் ஊர் திரும்பியதும் வீட்டுக்கே போய்ப் பேசிவிட்டு வந்தேன். அவருடைய சம்மதத்தோடு, அவர் யார் என்பது தெரியாத அளவுக்கு மட்டும் நடந்ததை எழுதுகிறேன்.

டிக்கெட் எடுத்த அன்றே அவருக்கும் அவர் மனைவிக்கும் ஆசிய சைவ உணவு என்று பதிவு செய்தோம். விமான நிறுவனமும் உறுதி செய்தது. பயணத்துக்கு நான்கு நாட்கள் முன்பு மகன் அங்கிருந்து தொலைபேசியில் அழைத்து, அப்பாவுக்குச் சர்க்கரை கூடியிருப்பதால் டயாபெடிக் மீல் போட்டுவிடுங்கள் என்று கேட்டார். மேசையில் இருந்த தம்பி சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாதவர். கேட்டதைக் கேட்டபடி மாற்றினார். மாற்றிய விவரத்தை மின்னஞ்சலிலும் அனுப்பினார். மகனும் நன்றி என்று பதில் போட்டிருக்கிறார். இதில் எவரும் பொய் சொல்லவில்லை, எவரும் அலட்சியமாகவும் இல்லை. ஆனால் ஒரு பயணிக்கு ஒரு விமானத்தில் ஒரு சிறப்பு உணவுக் குறியீடுதான் நிற்கும் என்பதும், டிபிஎம்எல் என்ற சர்க்கரை நோயாளி உணவை ஏற்றினால் ஏற்கெனவே இருந்த ஏவிஎம்எல் என்ற ஆசிய சைவம் விழுந்துவிடும் என்பதும், டிபிஎம்எல் என்றால் சர்க்கரையும் கொழுப்பும் குறைந்த உணவே தவிரச் சைவம் அல்ல என்பதும் அந்தத் தம்பிக்கும் தெரியவில்லை, மகனுக்கும் தெரியவில்லை.

பெரியவர் என்னிடம் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். வளைகுடாவில் விமானம் மாறிய பிறகு, மற்றவர்களுக்கு வண்டி வருவதற்கு முன்பே பணிப்பெண் அவர் பெயரைச் சரிபார்த்துத் தட்டை வைத்திருக்கிறார். பெயர் சொல்லிக் கொடுத்ததால் நம்முடையதுதான் என்ற நம்பிக்கையில் அலுமினியத் தாளை உரித்தார். உள்ளே உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ், அதன்மேல் வெள்ளையாக ஒரு துண்டு. பன்னீர் என்று நினைத்து முள்கரண்டியால் கிள்ளியபோது நார் நாராகப் பிரிந்ததாம். தாளை மறுபடி மூடி வைத்துவிட்டார். மாற்றுத் தட்டு கேட்டதற்கு, எண்ணித்தான் ஏற்றுகிறோம், மீதமில்லை என்று சொல்லி ஒரு ரொட்டியும் பழமும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் அவர் மனைவிக்கு ராஜ்மாவும் சோறும் சரியாக வந்தது. தன் பங்கில் பாதியை அவர் கொடுத்ததால்தான், சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிற அந்த மனிதர் பதினான்கு மணி நேரத்தைக் கடந்தார். இதைச் சொல்லும்போது அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கேட்டதைத்தான் போட்டோம் என்பது உண்மை. ஆனால் கேட்டதற்கு என்ன பொருள் என்று எடுத்துச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை. அதற்காகத்தான் கணினியில் தாமாகவே டிக்கெட் எடுக்கத் தெரிந்தவர்களும் நம் மாடிப்படி ஏறி வருகிறார்கள். அந்த இடத்தில் தவறினோம். அவரிடமும் அவர் மனைவியிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

ஆனால் அந்தக் குரல் பதிவின் மூன்றாவது நிமிடத்தில், பெரியவர் அல்லாத வேறொரு உறவினர் சொல்கிற ஒரு வாசகத்துக்குப் பதில் சொல்லாமல் என்னால் இந்த மடலை முடிக்க முடியாது. "இவங்களே கறி திங்கிறவங்க, இவங்களுக்குச் சைவத்தோட அருமை என்ன தெரியும்" என்கிறார். ஆமாம், சாப்பிடுகிறோம், ஒருநாளும் மறைத்ததில்லை. என் தகப்பனார் காந்தி மார்க்கெட்டில் நாற்பது ஆண்டுகள் காய்கறி மண்டி வைத்திருந்தவர். புரட்டாசி முழுவதும் எங்கள் வீட்டு அடுப்பில் அசைவம் ஏறாது. அம்மா இருந்தவரை செவ்வாய், வெள்ளியிலும் ஏறியதில்லை. இதையெல்லாம் எழுத வேண்டியிருப்பதே கூச்சமாக இருக்கிறது. ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்பதை வைத்தா அவருடைய வேலையின் ஒழுங்கை அளப்பது? சில ஆண்டுகளுக்கு முன்பு ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர், தன் சைவச் சாப்பாட்டையும் மற்றவர்களின் கறியையும் ஒரே அடுப்பில்தான் சூடாக்குவார்களா என்று கேட்டார். தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். விமான நிறுவனத்துக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டு, பெட்டிகள் தனித்தனியாக மூடியிருக்கும், அடுப்பு ஒன்றுதான் என்று உள்ளதைச் சொன்னேன். மாமி டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். அந்த நட்டத்தை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது சொல்லவேண்டி வந்துவிட்டது.

இந்தக் குறியீடுகளையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்த மேடம், பதினாறு ஆண்டுகள் முன்மேசையில் இருந்தவர், கணவருக்கு மாற்றலாகிக் கோயம்புத்தூர் போய்விட்டார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நீள நோட்டு ஒன்றில் பயணி பெயர், விமானம், உணவு என்று கட்டம் கட்டி எழுதி, பதிவில் என்என் என்று இருந்தால் பென்சிலிலும், எச்கே என்று உறுதியானால் சிவப்பு மையிலும் குறிப்பார். கேட்டிருக்கிறோம் என்பதற்கும் கொடுக்கிறோம் என்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சிவப்பு மையில்தான் இருந்தது. நோட்டு இன்னும் மேசையில் இருக்கிறது. அவரைப் போன்ற ஒருவரைத் தேடி நான்கு மாதமாக ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கமிஷன் என்ற ஒன்று ஏறக்குறைய இல்லாமல் போய்விட்ட இந்தத் தொழிலில், கேட்கிற சம்பளத்தைக் கொடுக்க எங்களைப் போன்ற சிறிய அலுவலகங்களால் எளிதில் முடிவதில்லை.

அவர் வாய்மொழியாகச் சொல்லி வந்ததை இப்போது எழுத்தில் வைத்துவிடுகிறேன். ஏவிஎம்எல் என்பதுதான் நம்மில் பெரும்பாலோர் மனதில் வைத்திருக்கிற சைவம்: இறைச்சி, மீன், முட்டை இல்லாமல், பால் பொருட்களோடு, இந்தியச் சமையல் முறையில் வருவது. (ஏவிஎம் ஸ்டூடியோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மேடம் ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சிரிப்பார், பெரியவர்களுக்கு அப்படித்தான் மனதில் நின்றது.) இந்தியச் சமையல் என்றாலும் பெரும்பாலும் வடக்கத்திப் பக்குவம்தான், பன்னீர், சன்னா, புலாவ் என்று வரும். சென்னையில் ஏற்றும் காலை உணவில் சில சமயம் இட்லி, உப்புமா கிடைக்கலாம்; திரும்பி வரும் விமானத்துக்கு அந்த ஊர்ச் சமையற்கூடத்தில் ஏற்றுவதால் அதே சுவையை எதிர்பார்க்க வேண்டாம். விஜிஎம்எல் என்பது பாலும் நெய்யும்கூட இல்லாத நனிசைவம். இணையத்தில் தாமாகவே 'வெஜிடேரியன்' என்ற முதல் வரியைத் தட்டிவிட்டு, தயிர்கூடத் தரவில்லை என்று வருத்தப்படுபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தட்டியிருப்பார்கள். விஎல்எம்எல் என்பதில் பாலோடு முட்டையும் வரலாம். காலையில் ஆம்லெட்டைப் பார்த்துத் திடுக்கிட வேண்டியிருக்கும். வெங்காயம், பூண்டு கூடாது என்பவர்களுக்கு நாம் போடுவது விஜேஎம்எல் என்ற சமண உணவு. அதில் உருளைக்கிழங்கு, கேரட் போன்ற கிழங்கு வகைகளும் இராது என்பதால் தட்டு சற்று வெறிச்சென்று இருக்கும். ஏகாதசிக்கென்று தனிக் குறியீடு கிடையாது. எஃப்பிஎம்எல் என்ற பழத்தட்டுதான் அதற்கு அருகில் வருவது.

எல்லாவற்றையும்விடக் குழப்பம் தருவது எச்என்எம்எல், அதாவது இந்து உணவு. பெயரைப் பார்த்துச் சைவம் என்று நினைப்பவர்கள் ஏராளம். அது மாட்டிறைச்சி இல்லாத அசைவ உணவு. 2018 ஜூலையில் எமிரேட்ஸ் நிறுவனம் இந்த வகையை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் உடனே தொடருவதாக அறிவித்தது. அந்த நேரத்தில், நமக்குச் சைவமே கிடைக்காதாமே என்று பதறி அழைத்தவர்களுக்கு, நிறுத்துவதாகச் சொன்னது உங்கள் சாப்பாட்டை அல்ல என்று விளக்கியே மேடத்துக்குத் தொண்டை கட்டிப்போனது.

சர்க்கரையும் இருக்கிறது, சைவமும் வேண்டும் என்பவர்களுக்கு, அதாவது நம் வாடிக்கையாளர்களில் அறுபது வயதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு, நேரான குறியீடு இல்லை. எஸ்பிஎம்எல் என்று போட்டு, என்ன வேண்டும் என்பதை வாசகமாக எழுதி அனுப்பும் வழி ஒன்று உண்டு. சில நிறுவனங்கள் மட்டுமே அதை ஏற்கும். ஏற்காத இடத்தில் ஏவிஎம்எல் போட்டுக்கொண்டு, தட்டில் வரும் இனிப்பை ஒதுக்கிவிட்டு, மருந்து நேரத்துக்குக் கையில் ஏதாவது வைத்துக்கொள்வதுதான் இப்போதைக்கு நடைமுறை. பெரியவருக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாம் சரியாகப் பதிவான பிறகும் தட்டு வராமல் போவதுண்டு. விமானச் சாப்பாடு புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே தரையில் சமைத்து, குளிரூட்டி, எண்ணி ஏற்றப்படுவது. அதனால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிடச் சொல்கின்றன. நிறுவனம் நேரத்தை மாற்றினாலோ, ஒரு விமானத்தைத் தவறவிட்டு அடுத்ததில் ஏற்றினாலோ, பயணம் மாறும்; உணவுக் குறிப்பு கூடவே மாறும் என்று சொல்ல முடியாது. டிக்கெட் ஒரு நிறுவனத்தின் பெயரிலும் விமானம் அதன் கூட்டாளி நிறுவனத்துடையதாகவும் இருந்தால், குறிப்பு நடுவழியில் தொலைவதை நாங்களே பலமுறை கண்டிருக்கிறோம். இன்னொன்று, சிறப்பு உணவு இருக்கை எண்ணைத் தேடி வருவது. குடும்பம் பிரிந்து உட்கார்ந்திருக்கிறதே என்று எதிரில் இருப்பவருக்கு இடத்தை விட்டுக்கொடுத்தால், உங்கள் ராஜ்மாவும் அவருக்கே போய்ச் சேரும். பணிப்பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் செல்லும் மலிவுக் கட்டண விமானங்களில் இந்தக் குறியீட்டுக் கணக்கே வேறு. சாப்பாட்டை முன்கூட்டியே காசு கொடுத்து வாங்க வேண்டும்.

இனிமேல் உணவுப் பதிவில் எந்த மாற்றம் கேட்டாலும், கேட்பவர் மகனோ மகளோ யாராக இருந்தாலும், பயணம் செய்பவரிடமே பேசி, தட்டில் என்ன வரும், என்ன வராது என்று தமிழில் சொல்லி, அவர் சரி என்ற பிறகே மாற்றுவோம். புறப்படுவதற்கு இரண்டு நாட்கள் முன்பு ஒருமுறையும், 26 மணி நேரம் இருக்கையில் மறுமுறையும் ஒவ்வொரு விமானத்துக்கும் பதிவைத் திறந்து பார்த்து, அந்தப் பக்கத்தின் படத்தை உங்களுக்கு அனுப்பிவிடுவோம். திரும்பும் பயணத்துக்கும் இதே ஏற்பாடு உண்டு. மார்கழி முதல் தேதியிலிருந்து இதற்கென ஆளுக்கு 300 ரூபாய் பில்லில் சேரும், மாலை 6 மணிக்கு மேல் முன்மேசைத் தொலைபேசி எடுக்கப்படாது என்பவற்றைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை. புதிய தம்பி மேடத்திடம் தினமும் தொலைபேசியில் பாடம் கேட்கிறார். நீள நோட்டில் சிவப்பு மை திரும்பவும் விழ ஆரம்பித்திருக்கிறது.

இந்த இரண்டு வாரத்தில் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டும், ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல், டிசம்பர் விடுமுறைக்கும் மகள் பிரசவத்துக்கும் என்று டிக்கெட் எடுக்க நம்மிடமே வந்தவர்களை நான் மறக்க மாட்டேன். பேத்தியின் காதுகுத்துக்காக முன்பு நாம் அனுப்பி வைத்த ஒரு பாட்டி, தன் தெருக் குழுவில் எங்களுக்காக வாதாடினார் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. உங்களில் பலருடைய முதல் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பியதும் இந்த மேசையில்தான். அந்த உரிமையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு வேண்டுகோள். ஆவணிக்குப் பிறகு நம்மிடம் டிக்கெட் எடுத்து இன்னும் புறப்படாதவர்கள், அல்லது அங்கே போய்விட்டுத் திரும்பும் பயணம் பாக்கி இருப்பவர்கள், உணவு என்ன பதிவாகியிருக்கிறது என்று தயவுசெய்து அலுவலகத்தை அழைத்து ஒருமுறை கேட்டுவிடுங்கள். நாங்களும் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருக்கிறோம். பாதிப் பட்டியல் முடிந்திருக்கிறது. வெளிநாட்டு எண்ணில் இருப்பவர்கள் எங்கள் அழைப்பை விளம்பரம் என்று நினைத்துத் துண்டித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பை என்றும் நாடும்
உரிமையாளர்,
தில்லைநகர், திருச்சிராப்பள்ளி