குமரி மாவட்டத்துக்கு ஓர் ஆயர் மட்டுமா?

ஆசிரியருக்கு,

'குமரி மாவட்டக் கத்தோலிக்க ஆயர்' என்று செய்திகளில் அடிக்கடி வருகிறது. அப்படி ஒரு பதவியே கிடையாது. இம்மாவட்டத்தில் கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) மட்டும் நால்வர், ஒவ்வொருவருக்கும் தனி மறைமாவட்டம், அதாவது ஆளுகைப் பகுதி. இலத்தீன் வழிபாட்டு முறைக்குக் கோட்டாறும் குழித்துறையும், சீரோ மலபார் முறைக்குத் தக்கலை, சீரோ மலங்கரா முறைக்கு மார்த்தாண்டம். போதாததற்கு நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் எனும் மேற்குக் கடற்கரை ஊர்கள் இன்றும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தை (பேராயரின் மறைமாவட்டத்தை) சேர்ந்தவை. வருவாய்த்துறைக்கு நாகர்கோவில், திருச்சபைக்குத் திருவனந்தபுரம்!

கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து கோட்டாறு பிரிந்தது 1930 மே 26-இல். மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்ததோ 1956 நவம்பர் 1-இல்தான். 26 ஆண்டுகள் முந்திக்கொண்டது ரோமாபுரி. தக்கலையும் மார்த்தாண்டமும் 1996-இல் அமைந்தவை. கோட்டாற்றிலிருந்து குழித்துறை பிரிந்தது 2014 டிசம்பர் 22-இல்.

இந்தக் குழப்பத்தில் அலைவது திருமுழுக்கு (ஞானஸ்நான) சான்றிதழ் கேட்பவர்கள். மறைமாவட்டம் பிரிந்தாலும் பதிவேடு பங்கை, அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள உள்ளூர்த் திருச்சபைப் பிரிவை, விட்டு நகராது. ஆகவே முதலில் போக வேண்டியது ஆயர் இல்லத்துக்கு அல்ல, பங்குக்கு. இன்று தனிப்பங்காக இருக்கும் ஊர், திருமுழுக்கு நடந்த ஆண்டில் வேறொரு பங்கின் கிளையாக இருந்திருந்தால், பெயர் தாய்ப்பங்கின் ஏட்டில்தான் இருக்கும். பழைய ஏடுகளில் அந்தோணி 'அந்தோனியுஸ்' என்று இலத்தீன் உருவில் கிடக்கலாம். அப்பா, அம்மா, திருமுழுக்கின்போது உடன் நின்ற ஞானப்பெற்றோர் பெயர்களையும் குறித்துக்கொண்டு போவது நல்லது. பிறந்த நாளும் திருமுழுக்கு நாளும் தனித்தனிக் கட்டங்கள். இரண்டையும் மாற்றி எழுதி வாங்கிவிட்டுப் பின்னால் திண்டாடுவோர் உண்டு.

திருமணத்துக்கு லேமினேட் செய்து வைத்த பழைய சான்றிதழ் உதவாது. ஆறு மாதத்துக்குள் எடுத்ததைத்தான் பொதுவாகக் கேட்பார்கள். திருமணம் நடந்தால் அதைத் திருமுழுக்குப் பதிவின் ஓரத்திலேயே குறிப்பார்கள் என்பதால், புதுச் சான்றிதழ் பார்த்தால்தான் ஏற்கெனவே மணமானவரா என்று தெரியும்.

பங்குத்தந்தை மீது புகார் என்றால் மதுரைப் பேராயருக்கு மனு எழுதுவதும் வீண் தபால் செலவு. கோட்டாறும் குழித்துறையும் அவரது மறைமாநிலத்தில் (பல மறைமாவட்டங்களின் தொகுப்பில்) இருந்தாலும், அங்குள்ள குருக்களை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. அந்தந்த ஆயருக்கே எழுத வேண்டும். உறையில் எந்த ஆயர் என்பதைச் சரியாக எழுதினால் சரி.

- வாசகர், நாகர்கோவில்