ஆங்கில நிகழ்காலம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்பின் ஆங்கில விடைத்தாள்களை ஆசிரியர்களோடு அமர்ந்து பார்த்தேன். நிகழ்காலத்தில் பிள்ளைகள் செய்திருந்த பிழைகளில் பல கவனக்குறைவால் நேர்ந்தவை அல்ல. தமிழில் சரியாக நினைத்ததை அப்படியே ஆங்கிலத்தில் எழுதியதால் நேர்ந்தவை.

ஒரு தாளில் ‘தி சன் வில் ரைஸ் இன் தி ஈஸ்ட்’ என்றிருந்தது. ‘சூரியன் கிழக்கில் உதிக்கும்’ என்று எதிர்கால வடிவில் சொல்வது நம் மொழி வழக்கம். ஆங்கிலமோ என்றும் மாறாத உண்மைக்கும் அன்றாடப் பழக்கத்துக்கும் சாதாரண நிகழ்காலத்தையே கொள்கிறது என்பதால், அங்கே ‘ரைசஸ்’ என்றுதான் வர வேண்டும்.

அதைவிட அதிகமாகக் கண்ட பிழை, ‘ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்பது. ‘மூன்று ஆண்டுகளாக இங்கே படிக்கிறேன்’ என்னும் தமிழ் வாக்கியத்தில் குறையேதும் இல்லை. ஆனால் முன்பே தொடங்கி இன்றுவரை நீளும் செயலுக்கு ஆங்கிலத்தில் தனி வடிவம் உண்டு: ‘ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’. கால அளவைச் சொல்ல ‘ஃபார்’, தொடங்கிய ஆண்டையோ நாளையோ சொல்ல ‘சின்ஸ்’ என்ற வேறுபாட்டை இம்மாதம் முழுவதும் வகுப்பில் பழக்க இருக்கிறோம். ‘ஹேவ் சீன்’ (பார்த்திருக்கிறேன்) போன்ற வடிவத்தோடு ‘எஸ்டர்டே’ (நேற்று) சேராது என்பதையும் உடன் சொல்லித் தருவோம்.

தமிழ் நமக்குத் துணைநிற்கும் இடமும் உண்டு; அதை ஆசிரியர்களாகிய நாங்களே போதிய அளவு பயன்படுத்தவில்லை என்று எண்ணுகிறேன். ‘ஐ ஆம் நோயிங்’ என்று எழுதிய மாணவியிடம், ‘விடை எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று நீ சொல்வாயா எனக் கேட்டேன். சிரித்துவிட்டு, ‘தெரியும்’ என்றுதான் சொல்வேன் என்றாள். உடனே தானே ‘ஐ நோ’ என்று திருத்திக்கொண்டாள். அறிதல், விரும்புதல், நம்புதல் போன்ற மனநிலைகளைக் குறிக்கும் வினைகள் ஆங்கிலத்தில் பொதுவாக ‘நோயிங்’ போல ‘இங்’ சேரும் தொடர் வடிவம் ஏற்பதில்லை.

உங்களிடம் வேண்டுவது ஒன்றே. பிள்ளை வீட்டில் ஆங்கில வாக்கியம் எழுதும்போது, ‘இது இப்போது நடக்கிறதா, வழக்கமாக நடப்பதா, முன்பே தொடங்கி இன்னும் தொடர்கிறதா?’ என்று தமிழிலேயே கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை சொல்லும் பதிலை வாக்கியத்தின் ஓரத்தில் குறித்து அனுப்பினால், வினை வடிவத்தை நாங்கள் வகுப்பில் சரிபார்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்